சுத்துற மெஷினும் ஆடுற மெஷினும்

வீட்டு வேலையை நாமே செஞ்சு பார்ப்போம்னு கிளம்பற நம்ம ஆளுங்க, டிரில்லிங் மெஷினுக்கு அடுத்து வாங்கறது பெரும்பாலும் ஆங்கிள் கிரைண்டராத்தான் இருக்கும். விலை சல்லிசு, தெருமுனை ஹார்டுவேர் கடையிலயே கிடைக்கும். இரும்பு வெட்டறதோட நிறுத்திக்கிட்டா பரவாயில்லை. மேல இருக்கற கார்டைக் கழட்டிட்டு, மரம் அறுக்கற பல் பிளேடை மாட்டி, பிளைவுட்டையும் வாசக்காலையும் அறுக்க ஆரம்பிச்சுடறாங்க. கேட்டா, ஆசாரியே அப்படித்தானே செய்யறாருன்னு பதில் வரும். அந்த ஆசாரி கையில எத்தனை விரல் முழுசா இருக்குன்னு எண்ணிப் பார்த்துட்டுப் பேசுங்கப்பா.

4 இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு சுமார் 11,000 சுத்து சுத்தும். கணக்குப் போட்டா, பிளேடு விளிம்போட வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். பல் மரத்துல சிக்கிச்சுன்னா மெஷின் நம்ம பக்கமே திரும்பிப் பாயும். கையை எடுக்க நேரமே இருக்காது.

தொழில்காரர் இல்லாத நம்மள மாதிரி ஞாயித்துக்கிழமை ஆசாரிகளுக்கு இதைவிடப் பொருத்தமானது ஆஸிலேட்டிங் மல்ட்டி டூல்னு நான் அடிச்சு சொல்லுவேன். இதுல பிளேடு சுத்தாது, ஆடும். மொத்தமே 3 டிகிரி அளவுக்குத்தான் ஆட்டம், ஆனா நிமிஷத்துக்கு 20,000 தடவை வரைக்கும். மையத்துலேர்ந்து 8 சென்டிமீட்டர் தள்ளி இருக்கற பல், போய்ட்டு வர்ற தூரம் வெறும் 4 மில்லிமீட்டர். அதனால கிரைண்டர் மாதிரி தூக்கி எறியாது. விரலை வச்சா கிழிக்கும், அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா பிளாஸ்திரி போடற அளவு காயத்துக்கும் விரலே போறதுக்கும் வித்தியாசம் இருக்கில்ல?

இதோட பூர்வீகம் ஆஸ்பத்திரி. மாவுக்கட்டு வெட்டற ரம்பம் இதே தத்துவம்தான். ஹோமர் ஸ்ட்ரைக்கர்ங்கற அமெரிக்க எலும்பு டாக்டர் 1940கள்ல அதைக் கொண்டு வந்தார். கட்டு கெட்டியா இருக்கறதால அறுபடும், தோல் பிளேடோட சேர்ந்து ஆடறதால தப்பிச்சுக்கும். ஜெர்மனியோட ஃபைன் கம்பெனி இந்த ஆட்டத்தைப் பட்டறைக்குக் கொண்டு வந்து ரொம்ப நாள் தனிக்காட்டு ராஜாவா இருந்தது. 2000களோட கடைசியில பேட்டன்ட் காலாவதி ஆனதும் மத்த கம்பெனிகளும் உள்ள வந்தாங்க, விலை இறங்கிச்சு.

நம்ம வீட்டுல இதுக்கு என்ன வேலை? இணையத்துல பார்க்கற வீடியோ எல்லாம் அமெரிக்க வீடுங்க. அங்க சுவரே ஜிப்சம் போர்டு, வெண்ணெய் மாதிரி அறுபடும். நம்மது செங்கல், சிமென்ட் பூச்சு. ஒயர் ஓட்டக் காடி எடுக்கணும், கிரானைட் வெட்டணும்னா இதை மறந்துடுங்க. ஆனா பழைய மொசைக் மேலயே டைல்ஸ் ஒட்டும்போது வாசக்காலோட அடியை ஒரு டைல்ஸ் கனத்துக்கு மட்டும் நறுக்கணுமே, அதுக்கு இதை அடிச்சுக்க வேற கருவி கிடையாது. டிவி யூனிட்டோட பின்பலகையில பிளக் பாயின்ட்டுக்கு சதுர ஓட்டை, ஹாக்ஸா பிளேடு நுழையாத மூலையில பிளம்பிங் பைப், பாத்ரூம் டைல்ஸ் நடுவுல கறுத்துப் போன க்ரௌட், இதெல்லாம் இதோட ராஜ்ஜியம். என்ன, க்ரௌட் சுரண்டும்போது தூசிக்கு என்95 மாஸ்க் போடுங்க, காதுக்கும் ஏதாவது அடைச்சுக்கோங்க. காட்டுக் கத்தல் கத்தும்.

இப்ப முக்கியமான சண்டைக்கு வருவோம். பேட்டரியா, ஒயரா? ஏற்கனவே 18 வோல்ட் டிரில் வச்சிருந்தா யோசிக்கவே வேணாம், அதே கம்பெனி, அதே பேட்டரி வரிசையில பேட்டரி இல்லாத வெறும் மெஷினை வாங்குங்க. ஒண்ணுமே இல்லாதவங்க ஒயர் மாடலே வாங்கலாம். 18 வோல்ட், 2 ஆம்பியர் அவர் பேட்டரின்னா 36 வாட் அவர். மெஷின் 250 வாட் இழுத்தா ஒன்பது நிமிஷத்துக்குள்ள காலி. ஃபிளாட்ல நாலடிக்கு ஒரு பிளக் இருக்கறப்போ இதுக்குப் போய் எதுக்குக் கூடுதல் காசு?

வோல்ட் ஏமாத்து வேலை தனிக் கதை. 18ம் 20ம் ஒண்ணேதான். ரெண்டுலயும் உள்ள அஞ்சு செல் வரிசையா இருக்கும், ஒருத்தர் சராசரியைப் போடறார், இன்னொருத்தர் முழு சார்ஜைப் போடறார். ஆன்லைன்ல "48", "88"னு போட்டு வர்ற பேர் தெரியாத மெஷின்ல பெரும்பாலும் அந்த நம்பர் வோல்ட்டே இல்ல, சும்மா மாடல் பேரு. பேட்டரி ஸ்டிக்கர்ல வாட் அவர் போட்டிருக்கான்னு பாருங்க, போடலைன்னா நடையைக் கட்டுங்க. ஆடற கோணத்துலயும் இதே தில்லுமுல்லு. ஒரு கம்பெனி 1.4 டிகிரின்னு ஒரு பக்கத்தை மட்டும் சொல்லும், இன்னொண்ணு ரெண்டு பக்கமும் கூட்டி 2.8ம்பான். கோணம் கூடினா வேகமா அறுக்கும், கையும் கூடவே அதிரும்.

என்னைக் கேட்டா மெஷினைவிட பிளேடுக்குத்தான் காசு போகும். சாதா ஸ்டீல் பிளேடு ஒரு ஆணியில பட்டாலே பல் போச்சு. பழைய மரம்னா பைமெட்டல் வாங்குங்க, க்ரௌட்டுக்கு கார்பைடு. 2016ல பாஷும் ஃபைனும் சேர்ந்து ஸ்டார்லாக்னு ஒரு மாட்டற முறை கொண்டு வந்தாங்க. மாட்டறது நொடி வேலை, ஆனா அந்த மெஷின்ல மத்த பிளேடு ஏறாது. உங்க ஊர்க் கடையில எந்த பிளேடு தொங்குதுன்னு பார்த்துட்டு அப்புறம் மெஷினுக்குப் போங்க.

பி.கு: அமெரிக்காவுலேர்ந்து மச்சான் வாங்கிட்டு வர்றார்னு யாராவது காத்திருந்தா, சார்ஜர்ல "120 வோல்ட்"னு மட்டும் போட்டிருக்கான்னு முதல்ல கேட்டுக்கோங்க. நம்ம 230ல சொருகினா புகைதான். தனி பேட்டரியை செக்-இன் பெட்டியில போட விடமாட்டாங்க, கைப்பையில எடுத்துட்டு வரச் சொல்லுங்க.