கணக்குத் தீர்ப்பது எப்போது?



பரமண்டல ஜெபத்தைத் தினமும் சொல்கிறோம். சிறு பிள்ளைகள்கூட மூச்சு விடாமல் ஒப்பிக்கும். அதன் நடுவில் ஓர் இடம் வருகிறது பாருங்கள், நாங்கள் பிறருக்கு மன்னிக்கிறதுபோல நீர் எங்களுக்கு மன்னியும் என்று கேட்கிற இடம். அந்த இடத்தில் மட்டும் நம்மில் பல பேருக்குக் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் போகிறது. மனசுக்குள் யாராவது ஒருத்தர் முகம் வந்து நிற்கிறது. மாமியாராக இருக்கலாம், கூடப் பிறந்தவளாக இருக்கலாம், சபையிலேயே நமக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவராகவும் இருக்கலாம்!

பேதுருவுக்கும் இந்தச் சங்கடம் இருந்திருக்கிறது. எத்தனை தரம் மன்னிப்பது, ஏழு தரம் போதுமா என்று இயேசுவிடமே கேட்டுவிட்டார். ஏழு தரம் என்றால் தாராளம்தானே? நாமெல்லாம் மூன்றாம் தரத்திலேயே கதவைச் சாத்திவிடுகிறவர்கள். இயேசுவோ ஏழெழுபது தரம் என்றார். பெருக்கிப் பார்த்தால் 490. நோட்டுப் போட்டு எண்ணச் சொன்னதல்ல, எண்ணுவதையே விட்டுவிடச் சொன்னது.

உடனே ஒரு கதையும் சொன்னார். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஒரு ஊழியக்காரன். அவனுக்கு நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட இன்னொரு ஊழியக்காரன். இந்தத் தொகைகளை நாம் காதில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள்தானே நாம், கொஞ்சம் போட்டுத்தான் பார்ப்போமே. ஒரு வெள்ளிப்பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. அப்படியானால் ராஜாவுக்குச் சேர வேண்டியது 6 கோடி நாள் கூலி. இன்றைக்கு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,000 கோடி ரூபாய். இது ஒரு மனுஷன் அடைத்துத் தீர்க்கிற கடனா?

அவன் காலில் விழுந்து கேட்டது தவணைதான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன் என்றான். ராஜா தவணை கொடுக்கவில்லை, கடனையே தள்ளிவிட்டார். கேட்டதற்கு மேலே கொடுத்தார். தேவ அன்பு என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அது இதுதான்.

இனி அந்த நூறு வெள்ளிப்பணத்துக்கு வருவோம். பிரசங்கங்களில் அதை ஒன்றுமில்லாத சில்லறை என்று தள்ளிவிடுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதே கணக்குப்படி 50,000 ரூபாய் ஆகிறது. ஒரு கூலிக்காரன் மூன்று மாதத்துக்கு மேல் உழைத்த பணம். அவன் குடும்பத்துக்கு அது சில்லறையா? நமக்கு மற்றவர்கள் செய்த தீங்கு சின்னது, வலி ஒன்றும் இல்லை என்று இயேசு சொல்லவேயில்லை. நிஜமான கடன், நிஜமான நஷ்டம். இருந்தும் மன்னி என்கிறார்.

இதை எழுத வைத்தது ஒரு வாசகி எழுதிய கடிதம். அவருடைய கொழுந்தனார் கல்யாணத்தின்போது, அவசரம் என்று இவருடைய ஐந்து பவுன் சங்கிலியை வாங்கி அடகு வைத்திருக்கிறார்கள். இவருடைய அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்துப் போட்டது. ஒன்பது வருஷம் ஆகிறது, மூழ்கிப்போனதா, மீட்டார்களா என்றுகூட யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது லீவுக்கு அந்த ஓரகத்தி பிள்ளைகளோடு வந்து பத்து நாள் தங்கப் போகிறாளாம். "அக்கா, மன்னிக்கணும்னு தெரியுது, ஜெபமும் பண்றேன். ஆனா அவ கழுத்தைப் பார்த்தா என் சங்கிலிதான் ஞாபகம் வருது. நான் கிறிஸ்தவளே இல்லையோன்னு பயமா இருக்கு" என்று எழுதியிருக்கிறார்.

பயப்பட வேண்டாம் அம்மா. ஞாபகம் வருவது பாவமல்ல. ஐந்து பவுன் என்றால் 40 கிராம் தங்கம், அதை மறக்கிறவள் எந்த ஊரில் இருக்கிறாள்? மன்னிப்பு ஒரே ராத்திரியில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேரளத்தில் புல்லுவழி என்கிற ஊரில் 1954-ல் பிறந்த ராணி மரியா என்ற கன்னியாஸ்திரியை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மத்தியப் பிரதேசத்தில் உதய்நகர் பகுதியில், நிலமில்லாத ஆதிவாசி ஜனங்கள் வட்டிக்காரர்களிடமும் பெரிய நிலக்காரர்களிடமும் சிக்கிக்கொள்ளாமல் காக்கப் பாடுபட்டவர். அது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25-ந் தேதி இந்தூருக்குப் போகிற பஸ்ஸில், பிரயாணிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சமுந்தர் சிங் என்ற வாலிபன் அவரைக் குத்திக் கொன்றான். ஆயுள் தண்டனை கிடைத்தது.

அவருடைய தங்கை செல்மி பாலும் அதே சபைக் கன்னியாஸ்திரிதான். 2002-ல் ராக்கிப் பண்டிகையன்று ஜெயிலுக்குப் போய், அக்காவைக் கொன்ற கையிலேயே ராக்கி கட்டி, அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். அவனை விடுவிக்கும்படி குடும்பத்தாரும் கேட்டுக்கொண்டார்கள். 2006-ல் விடுதலையானான். மறு வருஷம் புல்லுவழிக்கே வந்தான். பெற்ற தாய், வயதானவர், அவன் கைகளை எடுத்து முத்தமிட்டாராம். மகளுடைய இரத்தம் பட்ட கைகள். நானும் பெற்றவள்தான், இதை எழுதும்போது எனக்குப் பேனா ஓடவில்லை. 2017 நவம்பர் 4-ந் தேதி இந்தூரில் ராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் சமுந்தர் சிங்கும் இருந்தார்.

ஆனால் வருஷங்களையும் கவனியுங்கள். கொலை நடந்ததற்கும் ராக்கி கட்டியதற்கும் நடுவே ஏழு வருஷம். தாய் அவன் கையைப் பிடித்ததற்குப் பன்னிரண்டு வருஷம். இதில் எத்தனை ராத்திரி அழுகையில் போயிற்றோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். ஒன்பது வருஷமாக உள்ளுக்குள் போராடுகிற நம் சகோதரி ஒன்றும் பின்தங்கிவிடவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மன்னிப்பைப் பற்றி எழுதினால், அடிபடுகிற பெண்கள் சிலர், "மன்னிச்சு மன்னிச்சுத்தான் இருக்கேன்" என்று கண்ணீரோடு எழுதுவார்கள். கையை ஓங்குகிற புருஷனை மனசில் மன்னிப்பது வேறு, அவன் கையெட்டும் தூரத்திலேயே நின்று அடி வாங்குவது வேறு. பின்னதைத் தேவன் கேட்கவில்லை. ஒரிஸ்ஸாவில் 1999 ஜனவரியில் கிரகாம் ஸ்டெயின்ஸையும், அவருடைய பத்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளையும் ஜீப்பில் தூங்கும்போது எரித்துக் கொன்றார்கள் அல்லவா? அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார், கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார். ஊரை விட்டு ஓடாமல், பாரிபதாவில் குஷ்டரோகிகளைப் பராமரிக்கும் வேலையை 2004 வரை அங்கேயே இருந்து கவனித்தார். 2005-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. ஆனாலும் வழக்கு தன் பாட்டுக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை 2011-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. அந்த அம்மாள் தன் மனசிலிருந்து விட்டார், கோர்ட் தன் வேலையைச் செய்தது. குடும்ப வன்முறைக்கென்று 2005-லேயே சட்டம் வந்துவிட்டது, 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கிடைக்கும். ஜெபமும் செய்யுங்கள், போனும் செய்யுங்கள்.

சங்கிலிக்கு வருகிறேன். ஏழெழுபது தரம் என்று சொன்ன அதே அதிகாரத்தில், அதற்குச் சில வசனங்கள் முன்னாலேயே, உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால் போய் அவனிடம் தனியாகச் சொல் என்று இருக்கிறது. இதை ஏனோ நாம் தாண்டிவிடுகிறோம். மாமியாரிடம் சொல்கிறோம், அம்மாவிடம் சொல்கிறோம், பக்கத்து வீட்டிலும் சொல்கிறோம், எடுத்தவளிடம் மட்டும் சொல்வதில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்தச் சங்கிலியின் விவரமே தெரியாமலும் இருக்கலாமே? கல்யாணப் பெண்ணுக்கு எந்த நகை எங்கிருந்து வந்தது என்று யார் சொல்கிறார்கள்!

வரட்டும். சமைத்துப் போடுங்கள், பிள்ளைகளுக்குத் தலை வாரி விடுங்கள். முதல் நாளே ஆரம்பிக்க வேண்டாம். முன்னதாக உங்கள் வீட்டுக்காரர் காதில் விஷயத்தைப் போட்டு வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, பிள்ளைகள் தூங்கின பிறகு, இரண்டு பேரும் பாத்திரம் ஒழித்துப் போடும்போது, "உன்னிடம் ஒன்று கேட்கணும்மா" என்று தணிந்த குரலில் கேளுங்கள். மாமியார் காதில் விழாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். சங்கிலி திரும்பி வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும், அடுத்த கல்யாணத்துக்கு வளையலைக் கழற்றிக் கொடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அவள் பிள்ளைகளுக்கு மறு நாள் காலை சூடாகத் தோசை வார்த்துக் கொடுங்கள்.