கேளுங்கள்... சொல்கிறோம்: ஆடிக் காற்றைப் பார்த்துக் கையெழுத்துப் போடலாமா?

‘‘காற்றாலை வைப்பதற்கு எங்கள் நிலத்தில் 3 ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். வருடத்துக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொள்ளலாம்; அல்லது மின்சார வருமானத்தில் பங்கு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆடி மாதத்தில் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தால், பங்குதான் லாபம் என்று தோன்றுகிறது. எதை ஏற்றுக்கொள்ளலாம்?’’

- வாசகர், ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

‘‘ஆடியில் பார்த்த காற்றாலையை மார்கழியிலும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கேரளப் பக்கம் மழையைக் கொட்டுகிறது. மலையில் இடைவெளி உள்ள ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு போன்ற கணவாய்களில் அந்தக் காற்று நெருக்கிக்கொண்டு வேகமாக நம் பக்கம் பாய்கிறது. அகலமான வாய்க்கால் குறுகும் இடத்தில் தண்ணீர் வேகமெடுப்பது போலத்தான். வைகாசி முதல் புரட்டாசி வரை இந்தக் காற்று இருக்கும். வருடத்தின் மின் உற்பத்தியில் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் கிடைக்கிறது. ஐப்பசிக்குப் பிறகு காற்று தணிந்து, பல நாள்கள் இறக்கை அசையாமலே நிற்கும்.

காற்றின் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் மின்சாரம் நிறையக் குறையும். காற்று விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசும்போது கிடைக்கும் சக்தியில், 4 மீட்டர் வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும். வேகம் பாதியானால் சக்தியும் பாதியாகும் என்று கணக்குப் போடக் கூடாது. பொதுவாக 3 மீட்டருக்குக் கீழே வீசினால் உற்பத்தியே இருக்காது. 12 மீட்டர் வாக்கில் முழு உற்பத்தி வந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு வேகமாக வீசினாலும் உற்பத்தி கூடாது. சுமார் 25 மீட்டரைத் தாண்டினால், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகப் புயல்காற்றில், இயந்திரம் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்.

வெயிலுக்கும் இதில் சிறு பங்கு உண்டு. கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. 35 டிகிரியில் அது சுமார் 1.15 கிலோவாகக் குறையும். காற்று லேசானால் இறக்கையைத் தள்ளும் விசையும் குறையும். ஆனால், வேகத்தால் வரும் வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். பருவக்காற்று சுணங்கும் வருடத்தில் பங்குத்தொகையும் சுணங்கும். ஆடியில் இயந்திரம் பழுதாகி ஒரு மாதம் நின்றால், மார்கழியில் ஓட்டி அதை ஈடுகட்ட முடியாது. நல்ல காற்று இருந்தும், மின்தொகுப்பு ஏற்காததால் நிறுத்திவைக்கும் நேரங்களும் உண்டு. இந்த வாடகையை நம்பித்தான் குடும்பம் நடக்கும் என்றால், நிலையான வாடகைதான் நல்லது. குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை வாடகையை உயர்த்தித் தர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். வேறு வருமானம் இருந்து பங்கையே விரும்பினால், பக்கத்துக் காற்றாலைகளின் மாதவாரி யூனிட் கணக்கை ஐந்து வருடங்களுக்காவது கேட்டுப் பாருங்கள். உற்பத்தி குறைந்தாலும் கிடைக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மரங்கள் காற்றைத் தடுக்கும் என்பதால், மீதி நிலத்தில் தென்னை, பனை வைக்கத் தடை போடுகிறார்களா என்பதையும் படித்துப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு முன்பு ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.’’

‘‘காற்றாலைகள் மழை மேகத்தை விரட்டிவிடுகின்றன என்கிறார்களே, உண்மையா?’’

- வாசகி, கயத்தாறு.

‘‘இல்லை. இறக்கையின் நுனி எட்டும் உயரத்தைவிட மிக உயரத்தில்தான் பெரும்பாலான மழை மேகங்கள் நகர்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் உங்கள் பகுதிக்கு மழை குறைவதற்குக் காரணம் மலைதான். மழை மலைக்கு மேற்கே பெய்துவிட, உங்கள் பகுதி மழை மறைவில் இருக்கிறது. காற்றாலைகள் வருவதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தது.’’