பென்ஷனுக்குப் பிறகு பரதேசம்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே யூட்டா என்று ஒரு ராஜ்யம். அங்கே ஒரு சிறு பட்டணத்தில் ஒரு தம்பதிகள் வசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வயது அறுபத்தாறு. அந்த அம்மாளுக்கு இரண்டு வயது குறைவு. பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கலியாணம் ஆகிவிட்டது. வீட்டுக் கடன் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பேரன் பேத்திகள் வந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டுப் போகிறார்கள். மனிதர்கள் இதற்குமேல் என்ன வேண்டுவார்கள்?

இந்தச் சமயம் பார்த்து அவர்கள் ஒரு விண்ணப்பத்தாளைப் பூர்த்தி செய்கிறார்கள். உடம்பைச் சோதித்து வைத்தியரும், பல்லைச் சோதித்துப் பல் வைத்தியரும் கையெழுத்திட வேண்டும். சில வாரங்களில் ஸால்ட் லேக் நகரத்திலிருந்து உத்தரவு வருகிறது. எந்தத் தேசம், எத்தனை மாதம் என்பதெல்லாம் அதில் இருக்கும். தங்கள் விருப்பத்தை முன்னதாகத் தெரிவிக்கலாம். ஆனால் முடிவு செய்வது தலைமைப் பீடம். பிறகு என்ன? வீட்டைப் பூட்டிச் சாவியைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டியதுதான்.

இவர்கள் மார்மன்கள். 1830-ம் வருஷத்தில் ஜோஸப் ஸ்மித் என்பவர் நியூயார்க் ராஜ்யத்தில் ஸ்தாபித்த கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். இருந்த இடங்களிலெல்லாம் விரட்டப்பட்டு, 1847-ல் பிரிகம் யங்கின் தலைமையில் யூட்டாவின் உப்பு ஏரிக் கரைக்கு வந்து குடியேறினார்கள். 'மார்மன்' என்ற பெயரை விட்டுவிட்டுச் சபையின் முழுப் பெயரையே வழங்கவேண்டும் என்று 2018-ல் அவர்களுடைய தலைவர் கேட்டுக்கொண்டார். முழுப் பெயர் மிக நீளம். இந்தப் பத்தியோ சிறியது. ஆகையால் பழைய பெயரையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்வார்களாக. பலதார மணத்தைச் சபை 1890-லேயே கைவிட்டுவிட்டது. எனவே தாத்தாவோடு கப்பலேறினாலும் விமானமேறினாலும் கூடப் போவது ஒரே ஒரு பாட்டிதான்.

மார்மன் பிரசாரகர்கள் என்றால் வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையும் கறுப்புப் பெயர்ச் சீட்டுமாக வீடு வீடாய்ப் போகும் வாலிபர்கள்தாம் பலருக்கும் ஞாபகம் வரும். அந்தப் பையன்கள் இரண்டு வருஷம் ஊழியம் செய்கிறவர்கள். அதிகாலையில் எழுவதிலிருந்து இரவு விளக்கணைப்பது வரையில் அவர்களுக்கு அட்டவணை உண்டு. ஜோடி ஜோடியாகத்தான் வெளியே போகவேண்டும். துணைவனை விட்டுப் பிரியக் கூடாது. பதினெட்டு வயதுப் பையனுக்கும் 'எல்டர்' என்று பட்டம், அதாவது மூத்தவர்! மீசை அரும்பாத மூத்தவருக்கும், தலை வழுக்கையான நம்முடைய தாத்தாவுக்கும் சட்டையில் ஒரே பட்டந்தான்.

முதியவர்களை இந்த அட்டவணை கட்டுப்படுத்துவதில்லை. கதவு தட்டும் வேலையும் அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. அப்படியானால் அவர்கள் அங்கே என்னதான் செய்கிறார்கள்?

கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். காரியாலயத்தில் உட்கார்ந்து வாலிபர்களின் விஸாவுக்குக் காகிதம் தயார் செய்கிறார்கள்; அவர்கள் குடியிருக்கும் அறைகளுக்கு வாடகை கட்டுகிறார்கள். அந்த அறைகளுக்கு நேரில் போய்ச் சோதனை போடுகிறார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் தாமே குடித்தனம் நடத்தும் அறை எப்படி இருக்கும் என்று, பிள்ளை பெற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டி பாத்திரம் தேய்க்கும் தொட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். தாத்தா எரியாத விளக்கை மாற்றுகிறார். காய்ச்சல்காரப் பையனை வைத்தியசாலைக்கு அழைத்துப் போவதும், வீட்டு நினைவால் முகம் வாடினவனை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதும் இவர்கள் பொறுப்பே. ஒரு காலத்தில் பாங்கிக் கிளையையோ பள்ளிக்கூடத்தையோ கட்டி ஆண்டவர் இப்போது பல்பும் கையுமாக மாடிப்படி ஏறுகிறார். சமயத்தைப் பேசுவது வாலிபர்கள் வேலை. முதியவர்கள் அந்த ஊருக்கு எடுத்துப் போவது ஒரு குடும்பத்தை.

இதற்குச் சம்பளம் உண்டோ என்றால், கிடையாது. செலவெல்லாம் சொந்தக் கையிருப்பிலிருந்து. 2011-ல்தான் வீட்டு வாடகை வகையில் தம்பதிகள் கொடுப்பதற்கு மாதம் 1,400 டாலர் என்று ஓர் உச்ச வரம்பு வைத்து, அதற்கு மேற்பட்டதைச் சபை ஏற்றுக்கொண்டது. ஆறு மாதமாகவும் போகலாம். பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து மூன்று மாதங்களாகவும் போகலாம்.

வேறு சிலருக்கு வேறு வேலை. குடிதண்ணீர்க் கிணறு, சக்கர நாற்காலி, பிறந்ததும் மூச்சு விடாத சிசுவைக் காப்பாற்றும் முறையை மருத்துவச்சிகளுக்குக் கற்பித்தல் இவை போன்ற தர்ம காரியங்களில் சிலர் ஈடுபடுகிறார்கள். எனக்கு மிகவும் வியப்பாயிருப்பது இன்னொரு தொண்டு. ஏதோ ஒரு தேசத்தின் பழைய ஆவணக் களஞ்சியத்தில் கணவனும் மனைவியும் நாள் முழுவதும் உட்கார்ந்து, பிறப்பு, விவாகம், மரணம் பதிந்த ஏடுகளை ஒவ்வொரு பக்கமாகப் புகைப்படம் எடுக்கிறார்கள். இறந்துபோன மூதாதையருக்காகவும் உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்கள் கொள்கை. அதற்கு முன்னோர்களின் பெயர் தெரிந்தாக வேண்டும் அல்லவா? 1938-ல் சுருள் படமாகத் தொடங்கிய வேலை இது. திதியன்று மூன்று தலைமுறைப் பெயர் சொல்லவே திணறுகிற நாம் அவர்களைக் கண்டு கொஞ்சம் வெட்கப்படலாம்.

பிறருடைய மதத்தை மாற்றுவதற்கென்று கடல் கடந்து போவது எனக்குச் சம்மதமான காரியமல்ல. அதை மறைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. ஆனாலும் 1992-ல் மங்கோலியாவுக்குப் போன தம்பதிகளின் சங்கதியைப் படித்தபோது, உபாத்தியாயத் தொழில் செய்கிறவன் என்ற முறையில் என் மனம் இளகிற்று.

அந்தத் தேசத்தில் 1990-ல் ஒரு கட்சியின் ஏக ஆட்சி முடிந்தது. அடுத்த வருஷம் சோவியத் யூனியனே கலைந்துபோக, அங்கிருந்து வந்துகொண்டிருந்த உதவியும் நின்றது. ஆகாரப் பண்டங்களுக்குப் பங்கீட்டுச் சீட்டு வந்துவிட்டது. அந்த நிலையில் உலான்பாத்தர் நகரத்துக்கு மார்மன் சபையிலிருந்து முதன் முதலில் போனவர்கள் வாலிபர்கள் அல்லர். ஆறு வயோதிகத் தம்பதிகள். உயர்தரக் கல்வியைச் சீர்திருத்தத் துணை செய்வதும் ஆங்கிலம் கற்பிப்பதுமே அவர்களுக்கு வேலை. ஜனவரியில் அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக்கும் போகும். நகரத்து வீடுகளுக்கு உஷ்ணம் வருவது நிலக்கரி மின்சார நிலையத்திலிருந்து குழாய் வழியாக வரும் வெந்நீரால். பிள்ளை குட்டிகள் பக்கத்தில் இருக்க, கணப்பு அருகே சாய்ந்துகொள்ள வேண்டிய பிராயத்தில், ரஷ்ய லிபியில் எழுதிய கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போகிறவர்களை எண்ணிப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மங்கோலியக் கம்பளிக் கூடாரத்துக்குள் நுழைந்தவருக்கு உப்பிட்ட பால் தேநீர் கொடுப்பதே முதல் மரியாதை. மார்மன்களோ 1833-ல் ஏற்பட்ட விதிப்படி தேநீர், காப்பி, மது, புகையிலை எதையும் தொடமாட்டார்கள். புளித்த குதிரைப் பால் வந்தாலும் இதே கதை. மரியாதையாகக் கொடுத்ததை மரியாதையாக மறுக்கும் பாஷை எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லை. காலைக் காப்பி ஐந்து நிமிஷம் தாமதித்தால் வீட்டை இரண்டு படுத்துகிற நான், இந்த விரதத்தைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பதே நல்லது.

ஊரைவிட அவர்களுக்குக் கடினமானது இரண்டு. ஒன்று, பேரக் குழந்தை பிறந்த செய்தி தூர தேசத்தில் வந்து சேர்வது. வாலிபர்கள் வருஷத்தில் இரண்டே நாள்தான் வீட்டாரோடு தொலைபேசியில் பேசலாம் என்றிருந்த விதி 2019-ல் தளர்ந்து, வாரம் ஒரு முறை என்று ஆயிற்று. முதியவர்களுக்கு அந்தத் தடை முன்பும் இல்லை. பேரனைத் திரையில் பார்க்கலாம். எடுத்து முத்தமிட முடியாது. குடும்பத்தில் பெரிய துக்கம் நேர்ந்தால் சொந்தச் செலவில் ஒரு வாரம் பத்து நாள் போய்வர அனுமதி உண்டு. தாயார் படுக்கையில் கிடக்கிறாள் என்ற தகவல் வந்த இரவில், டிக்கெட்டு எடுப்பதா, இன்னும் இரண்டு நாள் பார்ப்பதா என்று அவர்கள் விழித்திருந்து யோசிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, ஒருவருக்கொருவர் துணையாயிருப்பது. நாற்பது வருஷம் அவர் காலையில் ஆபீசுக்குப் போனார். அந்த அம்மாள் தன் காரியத்தைப் பார்த்தாள். இப்போது இரண்டே அறை, ஒரே மேஜை, ஒரே மோட்டார் வண்டி. வண்டியை அவர் ஓட்டுவார். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதில் இருவருக்கும் எப்போதும் இரண்டு அபிப்பிராயம். கோபித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாமென்றால் அடுத்த வீட்டுக்காரியின் பாஷை தெரியாது. வேறு வழியின்றிப் பேசிச் சமாதானமாகிறார்கள். 'சிஸ்டர்' என்று அவளுக்கும் சட்டையில் சீட்டு உண்டு. வீட்டிலே அவருக்குச் சோறு போட்டவள் இங்கே அவரோடு சமமான ஊழியக்காரி. கணக்கு அவளுக்கு நன்றாக வருமானால், கணக்குப் புத்தகம் அவள் கைக்குப் போய்விடும். பல்பு மாற்றுவது அவர் பங்கு.

காலக்கெடு முடிந்ததும் பெட்டி கட்டுகிறார்கள். பெட்டிக்கு நிறை அளவு உண்டு. பெரிய வாணலியையும் கனத்த போர்வையையும் எடுத்துப் போக முடியாது. அடுத்து அந்த வீட்டுக்கு வரப்போகும் தம்பதிகளுக்கென்று பாட்டி அவற்றைத் துடைத்து அலமாரியில் வைத்து, எந்தக் கடையில் நல்ல மாவு கிடைக்கும், எந்தப் பையனுக்கு எந்தப் பண்டம் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதி, வாணலிக்கு அடியில் செருகுகிறாள். கீழே தாத்தா வண்டியில் உட்கார்ந்து ஊதுகுழலை அமுக்கிக்கொண்டிருக்கிறார்.