ஆய்வின் ஒளி சூளையை எட்டுமா?

ஆய்வுகள் பெருகிவரும் காலம் இது. தொழில்நுட்பம், பொருளியல், மருத்துவம் ஆகிய முத்துறைகளிலும் உலகப் பல்கலைக்கழகங்கள் நாள்தோறும் புதிய முடிவுகளை வெளியிட்ட வண்ணம் உள்ளன. அவற்றின் எண்ணிக்கையைக் கண்டு வியப்பது எளிது. அவற்றால் பயனுற்றோர் யாவர், எவருடைய வாழ்வு சிறிதேனும் உயர்ந்தது என்று கேட்பதே அரிதாக உள்ளது. இக்கேள்வியை எழுப்பத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பீங்கான் நகரம் எனப் பெயர்பெற்ற நம் விருத்தாசலமே அதற்கு உரிய இடம். இவ்வூர்த் தொழிலாளி பிசையும் ஒரு பிடிக் களிமண்ணில் அம்முத்துறைகளும் ஒருங்கே வந்து கூடுகின்றன.

ஆய்வு என்பது ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தோடு முடிந்துவிடுவதன்று. உழைப்பவரை அவர்தம் மொழியில் சென்றடையும்போதுதான் அது நிறைவு பெறுகிறது என்பது நம் கருத்து. அதனைக் கொண்டு சேர்க்கும் கடமையில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு என்பதை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயருடன் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த இவ்வூர் பீங்கானுக்குப் பெயர்பெற்றமைக்கு மண்ணே முதற்காரணம். அண்மையிலுள்ள நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணடுக்குகளில் வெண்களிமண் கிடைக்கிறது. அம்மண்ணை ஆதாரமாகக் கொண்டு இங்கே பீங்கான் தொழிற்பேட்டை உருவாயிற்று. பீங்கான் தொழில்நுட்பத்திற்கெனவே அரசுப் பயிலகமும் அமைந்தது. பொம்மைகள், அகல் விளக்குகள், மின்சாதனங்களுக்கான பீங்கான் உறுப்புகள் எனப் பல பொருள்கள் இங்குள்ள சிறு பட்டறைகளின் கைவண்ணமாக வெளியூர்களுக்குச் சென்றன.

முதலில் தொழில்நுட்ப ஆய்வுகளை நோக்குவோம். பீங்கான் என்றால் கீழே விழுந்து உடைவது என்பதே நம் பொது எண்ணம். 1975இல் கார்வி முதலிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இவ்வெண்ணத்தையே அசைத்தனர். சிர்கோனியா என்னும் பீங்கானில் விரிசல் தோன்றும்போது, விரிசலின் முனையில் உள்ள துகள்கள் வடிவம் மாறிச் சற்றே பருத்து, அவ்விரிசல் மேலும் ஓடாதவாறு நெருக்குகின்றன என்று அவர்கள் கண்டனர். இன்று பல் மருத்துவர் பொருத்தும் சிர்கோனியா உறைகளுக்கு அவ்வறிவே அடிப்படை. 1986இல் பெட்நோர்சு, முல்லர் ஆகிய இருவரும் பீங்கான் வகைப் பொருளொன்றில் மின்தடையே இல்லாத மீகடத்தும் தன்மையை, அதுவரை அறிந்ததினும் உயர்ந்த வெப்பநிலையில் கண்டனர். மறு ஆண்டே நோபல் பரிசு பெற்றனர். மின்சாரத்தைத் தடுக்கும் பொருளென்று நாம் அறிந்த இனத்திலேயே மின்சாரத்தைத் தடையின்றிச் செலுத்தும் பொருளும் இருந்தது!

இவற்றினும் நம் ஊருக்கு நெருக்கமானவை சூளை பற்றிய ஆய்வுகள். பீங்கான் தொழிலில் எரிபொருட் செலவே பெருஞ்செலவு. சிர்கோனியாவை இறுகச் செய்ய 1,400 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் சில மணி நேரம் சுடுவது வழக்கம். 2010இல், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இந்தியரான ரிஷி ராஜ் அவர்களின் ஆய்வுக்குழு, மின்புலத்தைச் செலுத்தி, 850 டிகிரி வெப்பத்தில் ஐந்து நொடிக்கும் குறைவான நேரத்தில் அதனை இறுகச் செய்து காட்டியது. 2016இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிளைவ் ராண்டால் குழுவினர், சிறிதளவு நீரும் அழுத்தமும் கொண்டு, 300 டிகிரிக்கும் குறைந்த வெப்பத்தில் சிலவகைப் பீங்கான்களை உருவாக்கும் வழியைக் கூறினர். இவை ஆய்வுக்கூடத்துச் சிறு வில்லைகளில் கண்ட வெற்றிகள். நாளையே அகல் விளக்குச் சூளைக்கு வந்துவிடக் கூடியவை அல்ல. எனினும், சூளை என்பது மாற்ற முடியாத ஒன்றன்று என்னும் செய்தியை அவை உரக்கச் சொல்கின்றன. அச்செய்தி சூளைக்கு முன் நிற்பவர் செவிக்கு எட்டியதா என்பதே நம் வினா.

அடுத்துப் பொருளியல். ஒரே தொழில் செய்யும் சிறு பட்டறைகள் ஓரிடத்தில் ஏன் குவிகின்றன என்பதை ஆல்பிரட் மார்ஷல் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1890இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தானே பரவுவதும், தேர்ந்த கைகள் எளிதிற் கிடைப்பதும் அக்குவிப்பின் பயன்கள் என்றார். அவர் காட்டிய ஊர்களுள் பீங்கானுக்குப் பெயர்போன இங்கிலாந்தின் ஸ்டாபோர்டுஷயரும் ஒன்று. நம் தொழிற்பேட்டையும் அதே இலக்கணத்தில் அடங்குவதுதான்.

ஆயின், குவிந்திருப்பது மட்டும் ஒரு தொழிலைக் காப்பாற்றாது. பழைய வீடுகளின் மின்பலகையில் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டைகள் இருந்தன. அவ்விடத்தை எம்.சி.பி. எனப்படும் தானியங்கி நிறுத்திகள் பிடித்துக்கொண்டன. புதியது வரும்போது பழையது வீழும் இந்நிகழ்வையே கணித வடிவில் விளக்கி 1992இல் கட்டுரை எழுதினர் பிலிப் அகியோன், பீட்டர் ஹோவிட் ஆகியோர். பொருளியலுக்கான 2025ஆம் ஆண்டு நோபல் பரிசின் ஒரு பாதி அவ்விருவருக்கும், மறுபாதி பொருளியல் வரலாற்றாசிரியர் ஜோயல் மோக்கிருக்கும் வழங்கப்பெற்றது. மோக்கிரின் கருத்து நம் சிந்தனைக்கு உரியது. ஒரு தொழிலை எப்படிச் செய்வது என்று அறிந்தால் மட்டும் போதாது. அது ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்றும் அறிந்தால்தான் வளர்ச்சி தேங்காமல் தொடரும் என்பது அது. செய்கையறிவும் காரணவறிவும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பதே அதன் சாரம். நம் ஊரில் செய்கையறிவு பட்டறையில் இருக்கிறது. காரணவறிவு ஆங்கில ஏட்டில் இருக்கிறது. இரண்டும் சந்திக்க ஒரு திண்ணை இல்லை.

இத்தகைய சந்திப்பு வரலாற்றில் நிகழாததன்று. பாரசீகத்தின் காஷான் நகரில் பெயர்பெற்ற குயவர் குடும்பம் ஒன்றிற் பிறந்த அபுல் காசிம் என்பார், 1301இல் தம் குலத்தொழிலின் நுட்பங்களைப் பாரசீக மொழியிலேயே எழுதிவைத்தார். பத்துப் பங்கு படிகக்கல் தூள், ஒரு பங்கு கண்ணாடிக் கலவை, ஒரு பங்கு வெண்களிமண் என்று அளவு உட்பட அதிற் கூறினார். எழுநூறு ஆண்டுகள் கடந்தும் ஆய்வாளர் அதனைப் பயன்படுத்துகின்றனர். கைப்பழக்கமாக மட்டும் இருந்திருப்பின் அவ்வறிவு அக்குடும்பத்தோடு மறைந்திருக்கும்.

மூன்றாவதாகிய மருத்துவமே நம்மைப் பெரிதும் கவலைகொள்ளச் செய்வது. பீங்கானுக்குக் களிமண்ணோடு படிகக்கல்லும் பெல்சுபாரும் அரைத்துச் சேர்க்கப்படுகின்றன. படிகக்கல்லின் நுண்தூள் மூச்சுக்குள் சென்றால் நுரையீரலில் தழும்புகள் தோன்றுகின்றன. சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. அந்நோயுற்றவரைக் காசநோய் எளிதிற் பற்றுகிறது. இரண்டின் அறிகுறிகளும் ஒத்திருப்பதால் ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடுவதும் உண்டு. மிகுந்த தீங்கு செய்யும் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. முகத்திற் கட்டும் துண்டு அவற்றைத் தடுக்காது.

இவ்வறிவு புதிதன்று. தீக்கல்லை உலர்ந்த நிலையில் அரைப்பது தொழிலாளரைக் கொல்கிறது என்று கண்டு, நீரிலிட்டு அரைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் தாமஸ் பென்சன் காப்புரிமை பெற்றது 1726இல். ஸ்டாபோர்டுஷயர் மருத்துவர் ஆர்லிட்ஜ் தொழில்வழி நோய்களைப் பற்றிப் பெருநூல் எழுதியது 1892இல். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இந்நோயை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. ஆனால் மின்விசையால் இயங்கிய பட்டறையாயினும் பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்தால் அது பொதுவாக அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, வேலையிடத்தில் மூச்சோடு உட்செல்லும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் விளைவிப்பதாக வகைப்படுத்தியது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து ஆஸ்திரேலியா, படிகக்கல் தூளால் ஆன செயற்கைக் கற்பலகைகளையே தடைசெய்தது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழிற்சுகாதார நிறுவனம், சிசி16 என்னும் புரதத்தின் அளவை இரத்தத்திற் கண்டு நோயை முன்கூட்டியே உணரும் முறையை உருவாக்கியுள்ளது. பென்சன் கண்ட உண்மைக்கு வயது ஏறத்தாழ முந்நூறு. தரையை உலர்ந்த துடைப்பத்தாற் பெருக்காதீர், நீர் தெளித்துப் பெருக்குக என்னும் ஒரு வரி பட்டறைச் சுவரில் தமிழில் இடம்பெற முந்நூறு ஆண்டுகள் போதாவா?

ஆய்வு மக்களைச் சென்றடைந்தால் என்ன நிகழும் என்பதற்கும் நம் மாநிலமே சான்று. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், சானடோரியத்தில் தங்கியோரையும் வீட்டிலிருந்தே மருந்துண்ட ஏழை நோயாளரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தருகிறது என்னும் முடிவு 1959இல் வெளியாயிற்று. உலகின் காசநோய்ச் சிகிச்சை முறையே அதனால் மாறியது. ஏழையின் குடிசைவரை சென்ற ஆய்வு அது. மற்றொன்றும் நினையத்தக்கது. 1970இல் பிரெஞ்சு மருத்துவர் பூத்தேன் அலுமினாப் பீங்கானால் இடுப்பு மூட்டைச் செய்து பொருத்தினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் எலும்பின் குறையை நிரப்பும் பீங்கான்களை உருவாக்கியுள்ளது. தூளாக நுரையீரலைக் கெடுக்கும் பொருள் உள்ள அதே துறைதான், முடமானவரை நடக்கவும் வைக்கிறது. இரண்டிற்கும் இடையே நிற்பது அறிவு ஒன்றே.

தமிழில் இவற்றைச் சொல்ல இயலுமா எனச் சிலர் ஐயுறுவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். 1949 முதல் கோவையிலிருந்து கலைக்கதிர் அறிவியலைத் தமிழிற் பேசிற்று. யுனெஸ்கோ கூரியரின் தமிழ்ப் பதிப்பைப் பல்லாண்டு நடத்திய மணவை முஸ்தபா அவர்கள், 2017இல் மறையும்வரை மருத்துவம், கணினி முதலியவற்றுக்குச் சொல்லாக்கி அகராதிகள் தந்தார். ஆதலின் சொல் இல்லை என்பது காரணமாகாது.

அரைகுறையாக எழுதினால் தவறான நம்பிக்கை பரவாதா என்பது மற்றொரு தடை. இது நியாயமான அச்சமே. ஓர் ஆய்வுக் கட்டுரை ஒரு சாட்சி மட்டுமே, தீர்ப்பன்று. எத்தனை பேரிடம் ஆராய்ந்தனர், பிறர் அதனை மீண்டும் சோதித்தனரா, ஆய்வுக்கூடத்திற்கு வெளியே அது நிற்குமா என்று வினவிய பின்னரே எழுத வேண்டும். ஐயத்தையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மையான அறிவியல் தமிழ்.

எனவே நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. தமிழ் மாணவர் ஒருவரும் அறிவியல் அல்லது வணிகவியல் மாணவர் ஒருவரும் இணைந்து, திங்களுக்கு ஓர் ஆய்வைத் தேர்ந்து, ஒரு பக்க அளவில் தமிழில் எழுதட்டும். துறை வல்லுநர் ஒருவர் அதனைச் சரிபார்க்கட்டும். அப்பக்கம் நூலகத்தில் உறங்காமல் தொழிற்பேட்டைக்குச் சென்று வாசிக்கப்படட்டும். அங்கே தொழிலாளர் வழங்கும் சொற்களைக் கேட்டறிந்து நம் கலைச்சொற்களைத் திருத்திக்கொள்வோம். அவர்கள் எழுப்பும் வினாக்களைப் பீங்கான் பயிலகத்திற்கும் மருத்துவர்களுக்கும் கொண்டு செல்வோம். ஊர்ப் பெரியோர்கள் தூசு அகற்றும் கருவிக்கும், தக்க முகக்கவசத்திற்கும், ஆண்டுக்கொரு முறை நுரையீரற் சோதனைக்கும் துணைநிற்க வேண்டுகின்றோம்.

மாணவச் செல்வங்களே! பட்டம் பெறுவதற்காக எழுதப்படும் ஏடுகள் அலமாரியை நிரப்பும். மண் பிசையும் மனிதருக்காக எழுதப்படும் ஒரு பக்கம் ஒரு குடும்பத்தின் மூச்சைக் காக்கும். இவ்விரண்டில் எதனை எழுதப் போகிறோம் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும்.