மோட்டார் வண்டிக்கும் ஜாதகம் உண்டு

பிள்ளைக்கு ஜாதகம் எழுதி வைக்கிறோம். வீட்டுக்குப் பத்திரம் எழுதி வைக்கிறோம். மோட்டார் வண்டிக்குச் சரித்திரம் எழுதவேண்டும் என்றால் மட்டும், "இரும்புக்கு ஏது ஐயா சரித்திரம்?" என்று சிரிக்கிறோம்.

இத்தாலி தேசத்தார் அப்படிச் சிரிப்பதில்லை. என்ஸோ பெராரி என்பவர் 1940-ல் மோடெனா நகரில் இரண்டே இரண்டு பந்தய வண்டிகள் செய்தார். ஆல்பா ரோமியோ கம்பெனியை விட்டு விலகியபோது எழுதிக்கொடுத்த உடன்படிக்கையினால், அவற்றுக்குத் தம் பெயரை இட முடியவில்லை. எனவே '815' என்று எண்ணையே பெயராக வைத்தார். எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர் என்பது பொருள். அவ்வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி பிரெஷியாவில் நடந்த பந்தயத்தில் இரண்டும் ஓடின. இரண்டுமே வழியில் நின்றுபோயின. பின்னர் ஒன்று பழைய இரும்பாக உடைபட்டது. மற்றொன்று இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. தோற்ற வண்டிக்கு ஏன் இந்த மரியாதை? பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற பெராரி வண்டிகளுக்கெல்லாம் அது மூத்த பிள்ளை என்பதால்தான்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? அவ்விரு வண்டிகளும் பியட் 1100 வண்டியின் உறுப்புகளைக் கொண்டு கட்டப்பட்டவை. அந்த வமிசத்தில் பின்னால் பிறந்த வண்டிதான் பம்பாயில் பிரீமியர் கம்பெனியாரால் செய்யப்பட்டு, 1974-ல் 'பத்மினி' என்று நாமகரணம் பெற்று, நம் வீட்டு வாசல்களில் நின்றது. சென்னைக்கு அருகே சோழவரத்தில் பியட் வண்டிகள் பந்தயமும் ஓடியிருக்கின்றன.

பழைய வண்டியின் கதையை நம்புவதா என்று சோதிக்க, ராமேசுவரத்தைக் காட்டிலும் நல்ல உரைகல் இல்லை. பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறந்தது. மோட்டார் பாலமோ 1988 அக்டோபர் 2-ந் தேதிதான் திறந்தது. அதற்கு முன் தீவுக்கு வந்த ஒவ்வொரு காரும் ரயிலேறியோ படகேறியோ வந்திருக்க வேண்டும். "1970-ல் எங்கள் தகப்பனார் மதுரையிலிருந்து கோயில் வாசல் வரையில் ஓட்டி வந்த வண்டி" என்று யாராவது விலை பேசினால், நடுவில் கடல் இருந்ததே என்று பணிவாகக் கேளுங்கள்!

ஆனால் அந்தக் கடற்கரையிலே உப்புக் காற்றும் ஓயாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணைத் துரு தின்றுவிட்டால், வண்டி தன் பெயரை இழந்த மாதிரிதான். அந்த எண்ணும், என்ஜின் எண்ணும், ஆர்.ஸி. புத்தகத்தில் வரிசையாக உள்ள சொந்தக்காரர் பெயர்களும், எண் பலகை தெரியும் பழைய புகைப்படமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் சரித்திரம் நிற்கும்.

இன்று சர்க்காரும் இதற்கு மதிப்புக் கொடுக்கிறார்கள். 2021-ல் வந்த விதிப்படி, ஐம்பது வயது கடந்த வண்டிகளை 'வி.ஏ.' என்ற தனி வரிசையில் பதியலாம். புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய். அடிச்சட்டமும் உடலும் என்ஜினும் பெரிதும் மாற்றப்படாமல் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை.

ஆகையால், கொட்டகையில் கிடக்கும் பழைய வண்டியை நிறுத்துப் போடுமுன், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண்களைக் குறியுங்கள். அதை ஓட்டிய பெரியவர் இருக்கும்போதே, எங்கே வாங்கியது, யாரிடம் பழுது பார்த்தது, எந்தெந்த ஊருக்குப் போனது என்று கேட்டு எழுதிவிடுங்கள். இரும்பை விற்க நாளைக்கும் ஆள் வருவான். சொல்லத் தெரிந்த பெரியவர் நாளைக்கும் இருப்பார் என்பதற்கு என்ன நிச்சயம்?