தகரம் வீட்டில், வர்ணம் வெளியில்

பழைய காரை வீட்டிலேயே புதுப்பிக்க வேண்டும் என்ற ஆசை நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் இப்போது தலைதூக்கியிருக்கிறது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். தாத்தா வாங்கிய அம்பாசிடரோ, பிரீமியர் பத்மினியோ, சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, ஊரைவிட்டு பெங்களூருக்கு வந்து நாம் காலூன்றிய காலத்துக்கு வீட்டில் மிஞ்சியிருக்கும் சாட்சி. தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அதைப் பேரப்பிள்ளைகள் திறந்து பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் ஒரு ஸ்பானர் செட் வாங்கும் முன்பே, "என்ன வெல்டிங் மெஷின் வாங்கலாம், கம்ப்ரஸர் எத்தனை ஹெச்.பி. வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறார்கள். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டு வெல்டிங் புகையைக் குடித்தவன் என்பதால் கேள்வி என்னிடம் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். வெல்டிங் மெஷினை நல்லதாகப் பார்த்துச் சொந்தமாக வாங்குங்கள். கம்ப்ரஸரைச் சின்னதாக வாங்குங்கள். கடைசி பெயிண்டை வீட்டில் அடிக்காதீர்கள். நம்மவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஆளுயரக் கம்ப்ரஸர் ஒன்று வந்து போர்ட்டிகோவில் இறங்குகிறது. தகர வேலை மட்டும் வெளியே டிங்கரிங் கடைக்குப் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படி வந்த கம்ப்ரஸரின் மேல் இன்று ஈரத்துண்டு காய்கிறது.

டிங்கரிங் கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு நாள் கணக்கு. காரின் அடித்தரையில் எட்டணாக் காசு அளவு ஓட்டை தெரிந்தால் சுத்தியல் முனையால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் பொடியாகக் கொட்டும். நல்ல தகரம் வரும்வரை வெட்டி எறிந்து, அட்டையில் அளவெடுத்துப் புதுத் துண்டு வெட்டி, விளிம்போடு விளிம்பு பொருத்திப் பற்றவைக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மூன்று நாளில் வண்டி வேண்டும் என்று நாம் அவசரப்படுத்தினால் கடைக்காரர் என்ன செய்வார்? துருவின் மேலேயே ஒரு தகரத்தை வைத்து நாலு மூலையில் ஒட்டி, மேலே பட்டி பார்த்துத் தேய்த்துக் கொடுத்துவிடுவார். இரண்டு மழைக்காலம் தாங்கும். பிறகு பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். நேரம் மலிவாகக் கிடைக்கும் இடம் நம் வீடு ஒன்றுதான். ஆகவே பொறுமை அதிகம் கேட்கிற வேலையை வீட்டில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இனி மெஷினுக்கு வருவோம். கேட்டுக்கும் கிரில்லுக்கும் ராடு வைத்துப் பற்றவைக்கும் சாதாரண ஆர்க் மெஷின் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். காருக்கு அது ஆகாது. அந்தக் கால கார்களின் உடல் தகரம் ஏறக்குறைய 20 கேஜ், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அறுபது எழுபது ஆண்டுத் துரு அதையும் அரித்திருக்கும். 2.5 மில்லிமீட்டர் ராடை அதில் வைத்தால் ஒட்டுவதற்குப் பதில் ஓட்டைதான் விழும். நமக்கு வேண்டியது மிக் மெஷின். நம் பட்டறைகளில் சி.ஓ.டூ. வெல்டிங் என்பார்கள். மெல்லிய கம்பி சுருளிலிருந்து தானாக வந்துகொண்டிருக்கும். பக்கத்திலேயே வாயுவும் வந்து உருகிய உலோகத்தைக் காற்றுப் படாமல் காக்கும். 0.6 மில்லிமீட்டர் கம்பி கிடைத்தால் மிக நல்லது, இல்லையேல் 0.8. டிக் வெல்டிங் இதைவிட அழகு என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் தகரம் கண்ணாடிபோல் சுத்தமாக இருக்க வேண்டும், இரண்டு கையும் ஒரு காலும் பழக வேண்டும். காரின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதைச் செய்வது கைதேர்ந்தவர்களுக்கே கஷ்டம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மிக் என்ற பெயரில் விற்கும் சில சின்ன மெஷின்களில் வாயுக் குழாய் மாட்டும் இடமே இருக்காது. உள்ளே மருந்து அடைத்த கம்பியில் மட்டும் அவை ஓடும். சிலிண்டர் செலவு இல்லை என்று கடையில் புகழ்வார்கள். மெல்லிய தகரத்தில் அந்தக் கம்பி சூட்டை அதிகம் இறக்கும், தெறிப்பும் அதிகம். ஒரு மணி நேரம் ஒட்டினால் இரண்டு மணி நேரம் தேய்க்க வேண்டியிருக்கும். மெஷினின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது ஆம்பியர். 200, 250 என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்குகிறார்கள். நம் தகரத்துக்கு 30 முதல் 60 ஆம்பியர் போதும். ஆகவே மெஷின் எவ்வளவு உயரப் போகும் என்பதைவிட எவ்வளவு கீழே நிதானமாக இறங்கும் என்றுதான் கேட்க வேண்டும். வீட்டு மின்சாரமும் இதில் அடங்கியிருக்கிறது. 50 ஆம்பியரில் ஆர்க்கின் வோல்ட்டேஜ் சுமார் 16.5. பெருக்கினால் 825 வாட். மெஷினுக்குள் ஆகும் சேதாரத்தையும் பவர் ஃபாக்டரையும் சேர்த்தால் 230 வோல்ட் பிளக்கிலிருந்து ஆறேழு ஆம்பியர் இழுக்கும். ஏ.சி.க்குப் போடும் 16 ஆம்பியர் பாயிண்டே தாராளம். அதே மெஷினை 150 ஆம்பியரில் ஓட்டினால் இழுப்பு 25 ஆம்பியர் பக்கம் போய்விடும். வீட்டு ஒயரிங் தாங்காது. உங்கள் பெஸ்காம் ரசீதில் அனுமதித்த சுமை எத்தனை கிலோவாட் என்று அச்சிட்டிருக்கும். கடைக்குப் போகும் முன் அதைப் படியுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுப்பதானால் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயர், எர்த்தோடு.

வாயுவுக்கு ஆர்கானும் கார்பன் டை ஆக்ஸைடும் கலந்த சிலிண்டர் நல்லது. தனி கார்பன் டை ஆக்ஸைடும் ஒட்டும், சற்றுக் கரடுமுரடாக. பத்து லிட்டர் கொள்ளளவுள்ள கலவை வாயுச் சிலிண்டரை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 1500 லிட்டர் வாயு. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேர ஆர்க். இது குறைவாகத் தோன்றும். ஆனால் தகர வேலையில் நீளமாக இழுப்பதே கிடையாது. ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர் மூலையில், ஆறவிட்டு அப்புறம் நடுவில் என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டு ஒரே கோடாக இழுத்தால் கதவு அப்பளம்போல் நெளிந்துவிடும். எனவே இரண்டரை மணி நேர ஆர்க் பல ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வரும்.

கம்ப்ரஸர் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். விற்பவர் ஹெச்.பி.யையும் டாங்கின் லிட்டரையும் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்றை உண்மையில் வெளியே தரும்? பிஸ்டனின் அளவை வைத்துக் கணக்கிட்ட எண் வேறு, வெளியே வரும் காற்று வேறு. பின்னது முன்னதில் முக்கால் பங்கு இருந்தாலே அதிகம். தோராயமாக ஒரு ஹெச்.பி.க்கு மூன்று, நான்கு கன அடி என்று வைத்துக்கொள்ளலாம். முழுக் காருக்கு நல்ல ஸ்ப்ரே கன் பிடிக்க 10 முதல் 14 கன அடி வேண்டும். காற்றில் ஓடும் சாண்டருக்கும் அதே பசி. மணல் வீசித் துரு எடுக்க, 3 மில்லிமீட்டர் துவாரத்துக்கே 20 கன அடி கேட்கும். அதாவது ஐந்து ஹெச்.பி.க்கு மேல், மூன்று ஃபேஸ் இணைப்பு.

பெரிய டாங்க் இருந்தால் சமாளிக்கலாமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 லிட்டர் டாங்க் 8 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்கும்போது தரும் காற்று 150 லிட்டர், சுமார் ஐந்தேகால் கன அடி. 10 கன அடி கேட்கும் கன்னுக்கு அது அரை நிமிடத் தீனி. மோட்டார் பாதியை ஈடுகட்டினாலும் ஒரு நிமிடம். பானட்டின் பாதியில் காற்று தளர்ந்தால் பெயிண்ட் துப்பும்.

தூசி ஊத, டயருக்குக் காற்றடிக்க, அடைபட்ட குழாயைத் திறக்க, சின்ன பாகத்துக்குப் பிரைமர் பூச ஒன்றரை அல்லது இரண்டு ஹெச்.பி. போதும். மற்ற காற்றுக் கருவிகளின் இடத்தில் நாலு அங்குல மின்சார கிரைண்டர் ஒன்று நிற்கும். சேசிஸைத் துரு நீக்க வேண்டுமானால் கழற்றி ஒரு நாள் பீன்யாவுக்கு டெம்போவில் அனுப்புங்கள். அந்த வேலைக்காக வீட்டில் மூன்று ஃபேஸ் இழுப்பது, கல்யாணத்துக்காகச் சமையற்கட்டையே இடித்துக் கட்டுவது போல.

இதற்கு மறுப்பு வருகிறது. "பெயிண்ட் அடிப்பதில்தானே சார் சந்தோஷம்? கடையில் கொடுத்தால் எவ்வளவு கேட்கிறார்கள் தெரியுமா?" என்கிறார்கள். தெரியும். ஆனால் இன்று காருக்கு அடிக்கும் இரட்டைக் கலவைப் பெயிண்டில் சேர்க்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது மூச்சுக்குழலைக் கெடுக்கும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமாபோல் இழுக்கும். மூக்கில் கைக்குட்டை கட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும். மாடியில் குழந்தை தூங்கும் வீட்டின் போர்ட்டிகோவில் அதை வீசுவதை நான் ஒப்பமாட்டேன். பெரிய கம்ப்ரஸரில் மிச்சமாகும் பணத்தை பூத் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

வெல்டிங்கும் ஆபத்தில்லாதது என்று சொல்லவில்லை. பெட்ரோல் டாங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பல ஆண்டு காலியாகக் கிடந்த டாங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும். அதில் நெருப்பு வைக்கவே கூடாது. தகரத்தின் மறுபக்கம் தார் பூச்சும் கம்பளமும் புகைவது வெல்டிங் செய்பவருக்குத் தெரியாது. தண்ணீர் வாளி, தீயணைப்பான், மறுபக்கம் பார்க்க ஓர் ஆள், வேலை முடிந்து அரை மணி நேரம் காவல். பிரேக் கிளீனரில் குளோரின் கலந்த வகை உண்டு. அதன் ஈரம் காயாத இடத்தில் ஆர்க் அடித்தால் நச்சு வாயு கிளம்பும். ஹெல்மெட் நமக்கு இருக்கும், வேடிக்கை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இருக்காது. திரை கட்டுங்கள்.

அக்கம்பக்கம் என்றதும் இன்னொன்று. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் 2000ஆம் ஆண்டு விதிகளின் வரம்பு. கம்ப்ரஸரும் கிரைண்டரும் அதை எளிதாகத் தாண்டும். இந்த ஊரில் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றால் மனிதர்கள் இசைந்து கொடுப்பார்கள், அதுவும் முன்கூட்டிப் போய்ச் சொன்னால். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கத்தைக் கெடுத்தபின் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. அதற்கு உடல் வேறு, சேசிஸ் வேறு. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டும் தாங்கிகள்தான் முதலில் துருப்பிடித்து உதிரும். பழகுபவர் தரையிலும் மட்கார்டிலும் பழகட்டும். சேசிஸையும் சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களையும் சீட் பெல்ட் பிடிப்பையும், அளவு மாறாமல் பொருத்திப் புள்ளி மட்டும் வைத்துவிட்டு, சான்றிதழ் பெற்ற வெல்டர் ஒருவரை வரவழைத்து முடியுங்கள். பட்டிக்குள் மறைந்த மோசமான ஒட்டு, குழந்தைகள் உட்கார்ந்து போகும்போதுதான் விடும். 2021ல் வந்த மத்திய விதிகளின்படி 50 ஆண்டு கடந்த காரை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். அதற்கும் சேசிஸும் பாடியும் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும். கைக்கு வந்த இரும்புச் சட்டத்தை வைத்து ஒட்டிவிட்டால் அந்த வாசல் அடைபடலாம்.

எஸ்.ஜே.பி. ரோட்டுக்குப் போகும்போது 20 கேஜ் தகரத்தில் உள்ளங்கை அளவு இரண்டு துண்டு வெட்டி, தேய்த்து, பையில் எடுத்துக்கொண்டு போங்கள். 40 ஆம்பியரில் அந்த இரண்டையும் விளிம்போடு விளிம்பு ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டியதும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அங்கே கோடு மெல்லிசாக ஊடுருவித் தெரிந்து ஓட்டை விழாமல் இருந்தால் விலை பேசலாம். ஒட்டிக்காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை. அதே தெருவில் வேறு கடைகள் இருக்கின்றன.