மன்னிப்பும் மக்கள் மனமும்

1972-இல் ஐம்பது மாநிலங்களுள் 49-ஐ நிக்சனுக்கு அள்ளிக் கொடுத்தனர் அமெரிக்க மக்கள். வாட்டர்கேட் ஊழல் வெளிப்படவே, 1974 ஆகஸ்ட் 9 அன்று அவர் பதவி விலகினார். அடுத்து வந்த ஜெரால்டு போர்டு, மக்கள் வாக்கால் துணைத் தலைவராகக்கூடத் தேர்ந்தெடுக்கப்படாதவர்! ஆயினும் நாடு அவரை நம்பியது. கேலப் கணிப்பில் 71 விழுக்காட்டினர் ஆதரித்தனர். செப்டம்பர் 8-ஆம் நாள், வழக்குத் தொடரப்படும் முன்பே, நிக்சனுக்கு முழு மன்னிப்பு வழங்கினார் போர்டு. அம்மாத இறுதியில் ஆதரவு 50 விழுக்காடாயிற்று. அவருடைய பத்திரிகைச் செயலாளரே கண்டித்துப் பதவி துறந்தார். 1976 தேர்தலில் போர்டு கார்ட்டரிடம் தோற்றார்.

நிற்க. 2001-இல் அதே மன்னிப்புக்காகக் கென்னடி நூலக அறக்கட்டளை அவருக்குத் துணிவுக்கான விருது அளித்தது. அன்று எதிர்த்த எட்வர்டு கென்னடியே தம் கருத்துத் தவறென்றார். நண்பர்களே, எனக்கு இதில் உடன்பாடில்லை. நாட்டின் புண் ஆறவேண்டும் என்ற போர்டின் நோக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் ஹால்டிமன், எர்லிக்மன், மிட்செல் ஆகியோர் நீதிமன்றம் ஏறிச் சிறை சென்றனரே! தலைவர் வீட்டில் இருக்க, உடனிருந்தோர் மட்டும் சிறையிலா? 1974-இல் கொதித்தெழுந்த குடிமகனின் இக்கேள்விக்கு அந்த விருது விடை கூறவில்லை.